பாட்டிலை எண்ணுகிறார்கள்! பிள்ளைகளை எண்ண மறுக்கிறார்கள்!



மாலை ஆறரை மணிக்குக் குன்றத்தூர் பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு கால்மணி நேரம் நின்று பாருங்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை என்று கம்பெனிப் பேருந்துகள் ஷிப்ட் முடித்தவர்களை இறக்கிவிட்டுப் போகும். கல்லூரிப் பேருந்துகள் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பிள்ளைகளை இறக்கிவிடும். இருசாராரும் ஒரே டீக்கடையில்தான் நிற்கிறார்கள். ஒரே பெட்டிக்கடையில்தான் கை நீட்டுகிறார்கள். யார் கையில் எது போகிறது என்பதைக் கடைக்காரர் அறிவார், பக்கத்தில் நிற்பவன் அறிவான். அந்தப் பிள்ளையின் பெற்றோரும் கல்லூரி முதல்வரும் மட்டும் அறியமாட்டார்கள். அல்லது அறிய விரும்பமாட்டார்கள்.

சென்ற ஆண்டு நாங்கள் சிலர் சேர்ந்து இந்தப் பகுதியில் உள்ள ஒரு கல்லூரிக்குப் போனோம். கல்லூரியின் பெயர் வேண்டாம். நாங்கள் கேட்டது நன்கொடையல்ல, சீட்டும் அல்ல. மாணவர்களிடம் மது, புகையிலை, போதைப்பொருள் பழக்கம் எந்த அளவில் இருக்கிறது என்று பெயர் கேட்காமல் ஒரு கணக்கெடுப்பு நடத்துங்கள், எங்கள் மதத்துப் பிள்ளைகளை மட்டுமல்ல, எல்லோரையும் கேளுங்கள், நாங்கள் வகுப்பறைக்குள்கூட வரமாட்டோம், நீங்களே நடத்துங்கள் என்றுதான் கேட்டோம். முதல்வர் மரியாதையானவர். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். பிறகு சொன்னார்: "பாய், எங்க காலேஜ்ல அந்த மாதிரிப் பசங்க கிடையாது."

"இல்லை என்றால் இல்லை என்றே கணக்கு வரட்டுமே, உங்களுக்குப் பெருமைதானே?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. சுவரில் போதை எதிர்ப்பு உறுதிமொழி சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அதற்குக் கீழே உட்கார்ந்துதான் பேசிக்கொண்டிருந்தோம்.

உறுதிமொழி எடுக்கத் தயார், ஊர்வலம் போகத் தயார், ஜூன் 26 வந்தால் பதாகை பிடிக்கத் தயார். எண்ணிப் பார்க்க மட்டும் தயாரில்லை. இது ஏன் என்று நாம் சிந்திக்க வேண்டாமா?

எண்ணத் தெரியாத அரசாங்கமா?

எண்ணத் தெரியாமல் அல்ல. எண்ணுவதில் இந்த அரசு கெட்டிக்கார அரசு. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் தொடங்கப்பட்டது. 2003-ல் சில்லறை விற்பனையையும் அரசே கையில் எடுத்துக்கொண்டது. 2023 ஜூனில் 500 கடைகளை மூடிய பிறகும் ஏறத்தாழ 4,800 கடைகள் இருந்தன. 2024-25 நிதியாண்டில் மது மூலம் அரசுக்கு வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். முந்தைய ஆண்டு 45,855 கோடி. கோடிக்குக் கீழே உள்ள லட்சத்தையும் விடாமல் எண்ணிச் சட்டமன்றத்தில் வைக்கிறார்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். மலையிலும் காட்டிலும் குடிகாரர்கள் வீசும் பாட்டில்களால் யானைக்கும் மானுக்கும் காலில் கண்ணாடி குத்துகிறது என்று வழக்கு வந்தது. உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2022-ல் நீலகிரியில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொள்வது, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பித் தருவது. நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் கவனியுங்கள்: விற்ற பாட்டில் எத்தனை, திரும்பிய காலிப் பாட்டில் எத்தனை என்று இவர்களால் கணக்கு வைக்க முடிகிறது. அந்தப் பாட்டிலைக் காலி செய்தவனுக்கு வயது பதினெட்டா இருபதா என்று மட்டும் கணக்கு வைக்க முடியவில்லை!

ஏன் முடியவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவனுக்கு மது விற்கக் கூடாது என்பது அரசின் சொந்த விதி. பட்டப்படிப்பு மாணவன் எத்தனை வயதில் கல்லூரிக்கு வருகிறான்? பதினேழு, பதினெட்டு. மூன்றாண்டு முடிக்கும்போது இருபது, இருபத்தொன்று. ஆகவே ஒரு கலைக் கல்லூரியில் கணக்கெடுத்து, "போன மாதம் குடித்தேன்" என்று முதலாண்டு மாணவன் ஒருவன் எழுதினால் அது அவன் குற்றத்துக்கு மட்டும் சாட்சியல்ல. அவனுக்கு விற்ற கடைக்கும், அல்லது அவனுக்காக வாங்கித் தந்தவனைக் கண்டும் காணாமல் இருந்த கடைக்கும் எதிரான சாட்சி. அந்தக் கடையின் முதலாளி யார்? தெருமுனைச் சேட்டா, நாடாரா, பாயா? இல்லை. அரசாங்கம்! தனக்கு எதிரான சாட்சியைத் தானே கூப்பிட்டு வாக்குமூலம் வாங்குகிற முதலாளியை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

புகையிலையும் இப்படித்தான். 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது, 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு எங்குமே விற்கக் கூடாது. குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் 2013 முதல் தமிழ்நாட்டில் தடை. 2016-ல் சென்னையில் ஒரு குட்கா தயாரிப்பாளரிடம் வருமான வரித்துறை சோதனை போட்டு, யார் யாருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்ற குறிப்புகளைக் கைப்பற்றியது. 2018 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த விவகாரத்தை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. 2024-ல் மதுரைக் கிளை 'கூல் லிப்' என்கிற உதட்டுக்குள் ஒளித்துக்கொள்ளும் பொட்டலத்தைப் பற்றிக் கவலை தெரிவித்தது, பள்ளிப் பிள்ளைகள் வகுப்பறையிலேயே வைத்துக்கொள்கிறார்கள் என்று. தடை போட்டுப் பதினோரு ஆண்டுக்குப் பிறகு இந்த நிலை. (நம் ஊரில் இதற்கெல்லாம் வடநாட்டுத் தொழிலாளிகளே காரணம் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் உண்டு. பீகாரிலிருந்து ஒற்றைப் பையோடு வந்து ஒப்பந்தக் கூலிக்கு நிற்கிறவனா அந்தக் குறிப்பேட்டில் பணம் வாங்கியவன்?)

ஆயிரம் காவலர், அரைக் கிலோ

எண்ணாமல் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? சோதனை போடுகிறார்கள். நமக்குப் பக்கத்தில் நடந்ததையே பார்ப்போம். 2024 ஆகஸ்ட் 31 அன்று அதிகாலையில் பொத்தேரியில், தனியார் பல்கலைக்கழக மாணவர்கள் ஏராளமாகத் தங்கியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் தாம்பரம் மாநகரக் காவல்துறை இறங்கியது. ஏறத்தாழ ஆயிரம் காவலர்கள். நூற்றுக்கணக்கான வீடுகள். கிடைத்தது அரைக் கிலோ அளவு கஞ்சா, சில கஞ்சா சாக்லெட், இன்னும் சில சில்லறைப் பொருள்கள். சில மாணவர்கள் கைது செய்யப்பட்டார்கள்.

இதை வைத்துக்கொண்டு இரண்டு கூட்டம் இரண்டு விதமாகப் பேசியது. "அய்யோ, படிக்கப் போன பிள்ளைகளெல்லாம் கஞ்சா அடிக்கிறார்கள்" என்றது ஒன்று. "இத்தனை வீட்டிலும் அரைக் கிலோதானே, பெரிதுபடுத்தாதீர்கள்" என்றது மற்றொன்று. இரண்டு பேச்சுக்கும் ஆதாரம் இல்லை. சோதனை என்பது அன்று காலை அலமாரியில் என்ன இருந்தது என்று சொல்லும். வாரத்துக்கு எத்தனை பேர், எந்த வயதில் தொடங்கினான், விட நினைத்தும் முடியாமல் தவிப்பவன் எவன் என்று அது சொல்லாது. அலமாரியில் பாட்டில் இருந்திருந்தால் அதைக் கண்டுகொண்டிருப்பார்களா என்பதும் எனக்குச் சந்தேகம்!

அப்படியானால் கணக்கே இல்லையா? இருக்கிறது. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்திய தேசியக் கணக்கெடுப்பு 2019 பிப்ரவரியில் வெளிவந்தது. 10 வயது முதல் 75 வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு 14.6 பேர் மது அருந்துகிறார்கள், அதாவது 16 கோடிப் பேர். கஞ்சா, பாங்கு வகை நூற்றுக்கு 2.8 பேர். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது காட்டாறு, எது வாய்க்கால்? வாய்க்காலுக்கு ஆயிரம் காவலர், காட்டாற்றுக்கு அரசாங்கமே கல்லாப்பெட்டி! கஞ்சா சிறிய தீமை என்று நான் சொல்லவில்லை. பெரியதைத் தொடாமல் சிறியதை மட்டும் விரட்டுவது நாடகம் என்கிறேன்.

ஆனால் அந்தக் கணக்கும் நமக்குப் போதாது. அது வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கு. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவன் வீட்டுக் கணக்கில் எளிதில் அகப்படமாட்டான். நம் பகுதியில் இன்னொரு வகைப் பிள்ளை இருக்கிறான். தென் மாவட்டத்திலிருந்து டிப்ளமோவோ ஐ.டி.ஐ.யோ முடித்துவிட்டு வருவான். கம்பெனியில் பயிற்சியாளன், ஏதோ ஒரு கல்லூரியில் பெயரளவுக்கு மாணவன். ஒரு அறையில் எட்டுப் பேர். மூன்று ஷிப்ட். மாதம் பிறந்தால் கையில் உதவித்தொகை, கேட்க ஆளில்லை. அவன் வீட்டுக் கணக்கிலும் இல்லை, கல்லூரிக் கணக்கிலும் இல்லை, கம்பெனிக் கணக்கிலும் இல்லை. எத்தனை கார் செய்தோம், எத்தனை போன் செய்தோம் என்று உலகத்துக்கே சொல்லும் இந்தச் சாலையில் இவனைப் பற்றிச் சொல்ல ஒரு காகிதம் இல்லை.

எய்ம்ஸ் மருத்துவர்கள் வழிநடத்திப் பத்து நகரங்களில் 5,920 பள்ளி மாணவர்களிடம் எடுத்த இன்னொரு கணக்கு 2025-ல் வெளிவந்தது. அந்தப் பத்தில் சென்னை இல்லை. பழக்கம் தொடங்கும் சராசரி வயது 12.9 என்றது அது. அதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. "கேட்டால் உண்மையைச் சொல்வாயா?" என்ற கேள்விக்குப் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் மறைப்போம் என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். கேட்கிற விதத்தில் கேட்காவிட்டால் என்ன கிடைக்கும் என்று அந்தப் பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள்.

நம் வீட்டுக் கதவையும் தட்டுவோம்

கல்லூரியையும் அரசையும் இத்தனை கேட்டேன். நம் ஜமாஅத்தைக் கேட்காமல் விட்டால் இந்தப் பேனாவுக்கு நியாயமில்லை.

"நம்ம பசங்க குடிக்க மாட்டாங்க ஹஜ்ரத்" என்று எத்தனை முத்தவல்லிகள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்! சரி, குடிக்கவில்லை. சிகரெட்? "அது மக்ரூஹ்தானே." ஹான்ஸ்? "பல் வலிக்கு வைக்கிறான்." வலி மாத்திரை? "மருந்துதானே." கஞ்சா? "அது குடி இல்லையே." ஹராமுக்கு ஒரே ஒரு கதவு வைத்து அதை மட்டும் பூட்டிவிட்டு, சுவரில் நான்கு ஓட்டையை விட்டுவைத்திருக்கிறோம். மிம்பரில் ஏறி மதுவைப் பற்றி முழங்குகிறோம். ஐந்தாவது அத்தியாயத்தின் 90-ஆவது வசனத்தை எல்லோரும் ஓதுகிறார்கள். அதற்கு முன் இரண்டாவது அத்தியாயத்தின் 219-ஆவது வசனம் இறங்கியது ஏன் என்று எத்தனை பேர் சொல்கிறோம்? மக்கள் வந்து கேட்டார்கள், அதனால் இறங்கியது. மதீனாவில் மது இருக்கிறது என்பதை யாரும் மறைக்கவில்லை. இருப்பதை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு கேள்வி கேட்ட சமுதாயம்தான் பின்னாளில் பீப்பாய்களைத் தெருவில் கவிழ்த்தது. நாம் கேள்வியையே தடுக்கிறோம்.

ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளாக மனத்தில் கிடக்கிறது. ஊர் பெயர் வேண்டாம். ஒரு பையன், பொறியியல் இரண்டாம் ஆண்டு. பையில் கஞ்சாப் பொட்டலம் இருந்ததை யாரோ பார்த்துவிட்டார்கள். ஜமாஅத் கூடியது. ஜும்ஆவுக்குப் பிறகு, எல்லோரும் உட்கார்ந்திருக்க, ஒலிபெருக்கியில் அவன் பெயரையும் தகப்பன் பெயரையும் வாசித்தார்கள். மற்றப் பிள்ளைகளுக்குப் பாடமாக இருக்கட்டுமாம். தகப்பனார் கடைசி வரிசையில் இருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அடுத்த வாரம் பையன் கல்லூரிக்குப் போகவில்லை. அடுத்த மாதம் ஊரிலேயே இல்லை. அவன் திரும்பவேயில்லை. மற்றப் பிள்ளைகள் பாடம் கற்றுக்கொண்டார்கள்தான். என்ன பாடம்? பொட்டலத்தை இன்னும் பத்திரமாக ஒளிக்க வேண்டும் என்ற பாடம்!

நானும் அந்தச் சபையில் இருந்தேன். அப்போது நான் இளைய ஆலிம். 49-ஆவது அத்தியாயத்தின் 12-ஆவது வசனம் பிறர் குறையைத் துருவித் தேடுவதைத் தடுக்கிறது என்று மதரஸாவில் பாடம் படித்தவன், மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவன். வாய் திறக்கவில்லை.

இப்போது நான் கணக்கெடுப்பு பற்றிப் பேசினால் சில மூத்த உலமாக்கள் அதே வசனத்தை எடுத்து என் முன் வைக்கிறார்கள். "இது தஜஸ்ஸுஸ் ஆகாதா? அடுத்தவன் பாவத்தைத் துருவுவது ஆகாதா?" என்கிறார்கள். நியாயமான கேள்வி. தப்பிக்க விரும்பவில்லை, பதில் சொல்கிறேன். அன்று ஒலிபெருக்கியில் நாம் செய்தது தஜஸ்ஸுஸ். பையைத் துழாவுவது தஜஸ்ஸுஸ். விடுதி வார்டன் ஒற்றன் வைப்பது தஜஸ்ஸுஸ். எந்த மனிதனின் குறையும் எவருக்கும் தெரியவராமல், ஊரில் நோய் எந்த அளவு பரவியிருக்கிறது என்று மட்டும் அறிவது தஜஸ்ஸுஸ் அல்ல. ஒருவரின் குறையை மூடிவைப்பவரின் குறையை இறைவன் மூடுவான் என்ற நபிமொழியை நாம் எல்லோரும் அறிவோம். ஆளை மூடிவைத்துக்கொண்டே அளவைத் திறந்து பார்க்க வழி இருந்தால் அதைச் செய்யத் தடை என்ன?

ஒரு ரூபாய் நாணயம் போதும்

வழி இருக்கிறது. பெரிய விஞ்ஞானமும் வேண்டாம். 1965-ல் ஸ்டான்லி வார்னர் என்ற அமெரிக்கர் இதற்கு அடிப்படை போட்டார், பின்னால் வந்தவர்கள் எளிதாக்கினார்கள். சொல்கிறேன், கேளுங்கள்.

நானூறு மாணவர்கள் ஒரு அரங்கில் இருக்கிறார்கள் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவனும் தன் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து, யாரும் பார்க்காமல் சுண்டுகிறான். தலை விழுந்தால், கேள்வி எதுவாக இருந்தாலும் 'ஆம்' என்று எழுத வேண்டும். பூ விழுந்தால் உண்மையை எழுத வேண்டும். கேள்வி: கடந்த முப்பது நாளில் மது அருந்தினாயா? சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விடலாம். பெயரும் இல்லை, வரிசை எண்ணும் இல்லை.

நானூறு பேரில் ஏறத்தாழ இருநூறு பேருக்குத் தலை விழும். அந்த இருநூறு 'ஆம்' நாணயம் சொன்னது. பெட்டியைத் திறந்தால் 260 'ஆம்' இருக்கிறது என்று வையுங்கள். நாணயத்தின் 200 போக மீதி 60. அந்த அறுபது, உண்மை எழுதிய இருநூறு பேரிலிருந்து வந்தது. நூற்றுக்கு முப்பது! இனி யாராவது ஒரு சீட்டைக் கையில் எடுத்து, கையெழுத்தை வைத்து "இது உன் சீட்டு, நீ 'ஆம்' என்று எழுதியிருக்கிறாய்" என்று ஒருவனைப் பிடித்தால்? "எனக்குத் தலை விழுந்தது சார்" என்பான். அவனை எவரும் ஒன்றும் செய்ய முடியாது. முதல்வராலும் முடியாது, காவல்துறையாலும் முடியாது, நம் முத்தவல்லியாலும் முடியாது. சிகரெட்டுக்கு ஒருமுறை, கஞ்சாவுக்கு ஒருமுறை, மாத்திரைக்கு ஒருமுறை தனித்தனியாகச் சுண்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பிள்ளைகள் வேடிக்கைக்காக மிகைப்படுத்தி எழுதினால்? அதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். ஐரோப்பிய நாடுகளில் 1995 முதல் நான்காண்டுக்கு ஒருமுறை பதினைந்து, பதினாறு வயது மாணவர்களிடம் நடத்தும் கணக்கெடுப்பில் 'ரெலெவின்' என்று ஒரு போதைப்பொருளின் பெயரையும் சேர்த்திருந்தார்கள். அப்படி ஒரு பொருளே உலகில் கிடையாது! அதை உபயோகித்தேன் என்று எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்று பார்த்தால், கணக்கில் எவ்வளவு பொய் கலந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

நாணய முறையை நாங்கள் ஒருமுறை எங்கள் இளைஞர்களிடம் இஷாத் தொழுகைக்குப் பிறகு செய்து பார்த்தோம். முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவனாகச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று நாணயம் சுண்டிய சத்தம் மட்டும் கேட்டது. வந்த எண்ணை இங்கே எழுதப் போவதில்லை. சிறு கூட்டத்தில் இந்த முறை சரியாக நிற்காது, நூற்றுக்கணக்கில் ஆட்கள் வேண்டும். பாதிக்கு மேல் 'ஆம்' வந்தது, நான் விரும்பியதைவிட அதிகமாகவே வந்தது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அன்றிரவு எல்லோரும் போன பிறகு ஒருவன் செருப்பு தேடுவதுபோல் வாசலிலேயே நின்றான். "ஹஜ்ரத், எனக்குத் தலை விழல" என்றான்.

பெயரைக் கேட்டிருந்தால் அவன் நின்றிருப்பானா?

எண்ணினால் நின்றுவிடுமா?

"கணக்கெடுத்தால் குடி ஒழிந்துவிடுமா ஹஜ்ரத்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். செம்பரம்பாக்கம் ஏரிக்கரை மக்களாகிய நாம் இதைக் கேட்கலாமா? ஐப்பசி, கார்த்திகை வந்தால் ஏரியில் எத்தனை அடி என்பதுதானே நம் வீட்டில் முதல் பேச்சு? 24 அடி கொள்ளளவில் இன்று இத்தனை அடி, திறந்துவிடுவது இத்தனை கனஅடி என்று கேட்டுக்கொண்டுதானே சாமானைப் பரணில் ஏற்றுகிறோம்? அளவுகோல் வெள்ளத்தை நிறுத்தாது. ஆனால் 2015 டிசம்பரை அனுபவித்த எவனாவது அந்த அளவுகோலைப் பிடுங்கி எறியச் சொல்வானா?

ஐஸ்லாந்து என்று ஒரு நாடு. ஜனத்தொகை நான்கு லட்சத்துக்கும் கீழே. அவர்கள் முஸ்லிம்கள் அல்லர், மது அங்கே சட்டப்படி விற்பனையாகிறது. 1998-ல் பதினைந்து, பதினாறு வயது மாணவர்களில் நூற்றுக்கு 42 பேர், சென்ற மாதத்தில் குடித்து போதை ஏறியதுண்டு என்று எழுதினார்கள். தினமும் சிகரெட் பிடித்தவர் 23 பேர். கஞ்சாவைத் தொட்டவர் 17 பேர். 2016-ல் அதே எண்கள் 5, 3, 7 என்று இறங்கின. பிரசங்கமா செய்தார்கள்? திரும்பத் திரும்பப் பள்ளிகளில் பெயரில்லாக் கணக்கெடுத்தார்கள். முடிவைப் பூட்டி வைக்காமல் அந்தந்த ஊருக்கு, அந்தந்தப் பள்ளிக்கு, அந்தந்தப் பெற்றோருக்குச் சூடாறும் முன் கொடுத்தார்கள். பெற்றோர்கள் கூடி, இரவில் பிள்ளைகளை வெளியே விடுவதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். விளையாட்டுக்கும் இசைக்கும் நகராட்சி பணம் கொடுத்தது. அடுத்த கணக்கில் எண் இறங்கியதா என்று பார்த்தார்கள்.

நம் ஊர்ப் பிள்ளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குப் போக என்ன இடம் வைத்திருக்கிறோம்? மைதானமெல்லாம் கிடங்காகிவிட்டது. இருக்கிற வெளிச்சம் டாஸ்மாக் கடை வெளிச்சம்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை மாட்டிக்கொண்டால் ஜெயில்தான் என்று பயந்து ஒளிக்கிறீர்கள். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பழக்கத்துக்கு அடிமையானவன், சொந்த உபயோகக் குற்றத்துக்கோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ உள்ளானவன், அரசு அல்லது அரசு அங்கீகரித்த நிலையத்தில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் அவன்மீது வழக்கு நடத்துவதிலிருந்து அந்தப் பிரிவு பாதுகாப்பு தருகிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும், பாதியில் ஓடினால் பாதுகாப்பும் போய்விடும். விற்பவனுக்கு இந்தச் சலுகை கிடையாது. போதை மீட்புக்கு 14446 என்ற இலவசத் தொலைபேசி எண்ணும் இருக்கிறது. பையனை அடித்து அறையில் பூட்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

செருப்பு தேடிய அந்தப் பையனோடு அவன் தகப்பனாரைப் பார்க்க நான் போனேன். ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்து படுத்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து உட்கார்ந்து, "என் மகனா ஹஜ்ரத்?" என்றார். கை ஓங்கினார். நான் நடுவில் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, தன் தலையணைக்கு அடியிலிருந்த ஹான்ஸ் பாக்கெட்டை அவரே எடுத்து வெளியே வைத்தார். வாரம் ஒருமுறை இப்போது தகப்பனும் மகனும் ஒன்றாக அரசு மருத்துவமனைக்குப் போகிறார்கள். மகன் இடையில் ஒருமுறை தவறினான். மறுபடியும் போகிறான்.

சகோதரர்களே! குன்றத்தூர், மாங்காடு, தண்டலம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் உள்ள கல்லூரிகளுக்கும் பயிற்சி நிலையங்களுக்கும் இம்மாதம் கடிதம் எழுதுகிறோம். மாணவிகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும், பெயர் கேட்கக் கூடாது, எவனையும் தண்டிக்கக் கூடாது, முடிவை நோட்டீஸ் பலகையில் ஒட்ட வேண்டும் என்பவைதான் கோரிக்கைகள். இதே கடிதம் மஹல்லா ஜமாஅத்துகளுக்கும் போகிறது, அவர்களுக்கு மட்டும் விலக்கு இல்லை. வருகிற பதில்களை இந்த ஏட்டில் அச்சிடுவோம். மறுப்பு வந்தால் மறுப்பையும் காரணத்தோடு அச்சிடுவோம். பதிலே வராத கடிதங்கள் எத்தனை என்பதையும் எண்ணி எழுதுவோம்.